டர்க் அடைத்த வடிகால்

யார் வீட்டுக்குப் போனாலும் டர்க் ஹாலோவே வாசலில் நிற்பவர்களுக்கு அரைகுறையாகத் தலையாட்டிவிட்டு நேரே பின்பக்கம் போய்விடுவான். மதில் இருந்தால் எட்டிப் பார்ப்பான். எட்டவில்லை என்றால் குப்பைத் தொட்டிமேல் ஏறிப் பார்ப்பான். கல்யாண வீடு, சாவு வீடு என்ற வித்தியாசம் கிடையாது. சொந்த அத்தையை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் மடியில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, அவன் மட்டும் அந்த வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தான். திரும்பி வந்து மனைவி லோரீனின் காதில் அவன் சொன்னது அத்தையைப் பற்றி அல்ல.

"ஒம்பது அடி இருக்கும். படிக்கட்டத்தான் தப்பான எடத்துல வச்சிட்டானுங்க."

இந்தப் பழக்கத்தை முதல் தடவை பார்த்தபோது லோரீன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். அது 1981. கலிஃபோர்னியாவில், ஹண்டிங்டன் பீச் என்ற கடலோர ஊரில், அவள் அம்மா இர்மாவின் வீட்டுக்கு அவளை வெளியே அழைத்துப்போக வந்தவன், உள்ளே வராமல் பின்பக்கம் போய்க் குளத்தங்கரையில் கால்மணி நேரம் நின்றான். லோரீனும் வாய் திறந்து பேசாத பெண். ஒரு கூச்சக்காரன் நமக்கு வாய்த்துவிட்டான் என்று அவள் மனம் குளிர்ந்தது. அவனோ தண்ணீருக்கடியில் தெரிந்த வளைவை அளந்துகொண்டிருந்தான். அவரைவிதை போல ஒரு பக்கம் உள்ளே வளைந்த குளம், சுற்றிலும் வட்டமான விளிம்புக்கல். அவன் அதைப் பார்த்த பார்வையில் மற்றவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள்.

இர்மா அவனிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன் என்றான். அது சரி, வேலை என்ன என்று கேட்டாள். அதுதான் என்றான். அவன் போனபின் இர்மா மகளிடம் சொன்னாள், "இவன் ஒன்னப் பாக்க வரலடி. கொளத்தப் பாக்க வந்திருக்கான்." லோரீன் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அம்மா சொன்னது முழுக்கச் சரி என்று புரியப் பத்து வருடம் ஆனது.

டர்க்கின் பெருமை எல்லாம் 1977ல் தொடங்கி 1977லேயே முடிந்துவிட்டது. அந்த வருடமும் அதற்கு முந்தின வருடமும் கலிஃபோர்னியாவில் மழை இல்லை. குளங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் வீட்டுக்காரர்கள் காலியாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்புதான் களிமண் சக்கரம் போய், தரையைக் கவ்விப் பிடிக்கும் புதுச் சக்கரம் வந்திருந்தது. கடலில் சறுக்கி விளையாட அலை இல்லாத நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த பையன்கள் மதில் தாண்டிக் குதித்துக் காலிக் குளங்களுக்குள் பலகை ஓட்டினார்கள். சுவரில் ஏறி, விளிம்புக்கல்லில் பலகையின் அச்சை உரசி, மறுபடி இறங்குவார்கள். போலீஸ் வந்தால் ஓடுவார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அது சந்தோஷமாக இருந்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று லோரீனே சொல்வாள். முப்பத்தேழு வயதிலும் அவன் அந்த மதிலைத் தாண்டிக்கொண்டே இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பத்திரிகையில் அவன் படம் வந்தது. படத்தில் வேறு ஒருவன் விளிம்பில் பறந்துகொண்டிருப்பான். கீழே இடது மூலையில் ஒரு முழங்கையும் ஒரு சக்கரமும் தெரியும். அந்த முழங்கை டர்க்குடையது. அதற்குக் கண்ணாடி போட்டு, கழிவறைக்குப் போகும் வழியில், யாரும் தவறவிட முடியாத இடத்தில் மாட்டியிருந்தான். வீட்டுக்கு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, இதில் யாரைத் தெரிகிறது என்று கேட்பான். அவர்கள் பறப்பவனைக் காட்டுவார்கள். அவன் முழங்கையைக் காட்டுவான். மரியாதை தெரிந்தவர்கள் ஓஹோ என்பார்கள்.

பிறகு ஊருக்கு ஊர் காசு வாங்கி உள்ளே விடும் ஸ்கேட் பூங்காக்கள் வந்தன. எலும்பு முறிந்தவர்கள் வழக்குப் போட்டதும் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். பூங்காக்களை மண்ணைப் போட்டு மூடினார்கள். டர்க்கின் கூட்டம் அதை ஒரு நாடு அழிந்த கதையைப் போலச் சொல்லும். அந்த நாட்டு அகதிகள் எல்லாரும் பிறகு சுவர்ப்பூச்சு வேலைக்குப் போனார்கள். டர்க்கும் போனான், வாரத்தில் மூன்று நாள். மீதி நாட்கள் போகாததற்கு, வாழ்வது ஒரு தடவைதான் என்பது அவன் சொல்லும் காரணம்.

லோரீன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஒரு பேரங்காடியின் ரொட்டிப் பிரிவில் பிறந்தநாள் கேக்குகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. முப்பது வயதிலேயே முதுகெலும்பு தேய ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் இர்மாவின் வீட்டிலேயே இருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே சுகம் அந்த வீட்டுக் குளம். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அரைமணி நேரம் நீந்துவாள். வேகமாக அல்ல, இத்தனை தடவை என்ற கணக்கும் இல்லை. தண்ணீருக்குள் இடுப்பு வலிக்காது, யாரும் கூப்பிட முடியாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அது சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

1990ல் இர்மா இறந்தாள். வீடு லோரீன் பெயருக்கு வந்தது. மறு வருடமும் மழை பொய்த்தது. செடிகளுக்குத் தண்ணீர் விடாதே, காரைக் கழுவாதே என்று நகரசபை துண்டுக் காகிதம் அனுப்பியது. டர்க் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் தானாக எடுத்துப் படித்த முதல் அரசாங்கக் காகிதம் அது. மாநிலம் இப்படித் தவிக்கும்போது நாம் குளம் நிறையத் தண்ணீர் வைத்திருப்பது அநியாயம் என்றான். லோரீன் நெகிழ்ந்தே போனாள். மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசாட்சி இருந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அவன் கூட்டாளி ஸ்டப்ஸ் ஒரு பம்ப்பைக் கொண்டுவந்தான். அத்தனை தண்ணீரையும் தெருவில் விட்டார்கள். அது சாக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் குளத்துக்குள் பலகை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாநிலத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

மழை வந்ததும் நிரப்பித் தருகிறேன் என்றான். 1993ல் நல்ல மழை. இந்தக் கோடை போகட்டும் என்றான். அதற்கடுத்த கோடையும் போயிற்று.

சனிக்கிழமைதோறும் அவர்கள் வந்தார்கள். நாற்பதைத் தொடும் ஆட்கள், தொப்பைக்குக் கீழே அரைக்கால் சட்டை, முழங்காலில் பஞ்சு வைத்த கவசம். கைதட்டுவது அவர்களுக்கு இழுக்கு. யாராவது நன்றாக ஓட்டினால் மேலே நிற்பவர்கள் பலகையின் வாலால் விளிம்புக்கல்லில் தட்டுவார்கள். சமையலறையில் லோரீனுக்கு அந்தத் தட்டல் கேட்கும். விளிம்புக்குக் கீழே, முன்பு குப்பையை உறிஞ்சிக்கொண்டிருந்த சதுரப் பொந்துக்குச் சாவுப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன்மேல் உரசிக்கொண்டு போகிறவன் வீரன். ஒருவன் முறையில் இன்னொருவன் புகுந்தால் அது பெரிய துரோகம். விலாசத்தை வெளியே சொன்னால் அதைவிடப் பெரிய துரோகம். வேலையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போன லோரீனை அழைத்துவர மறந்ததெல்லாம் துரோகத்தில் சேராது.

அவர்கள் அதிகமாகச் சொன்ன சொல் வேஷக்காரன். தொளதொளச் சட்டை போட்டுக்கொண்டு, வங்கி வாசல் படிகளில் பலகையைச் சுழற்றும் புதுப் பையன்கள் வேஷக்காரர்கள். டிவியில் போட்டிக்கு நிற்பவர்கள் விலைபோன வேஷக்காரர்கள். முழங்கால் கவசம் போடாதவன் முட்டாள், புதுக் கவசம் போட்டவன் வேஷக்காரன். சுதந்திரத்துக்காகவே பிறந்த ஒரு விளையாட்டில் இத்தனை சட்டங்கள் இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் ஸ்டப்ஸ் சிவப்புப் பெயின்ட்டால் ஆழப்பக்கச் சுவரில் பெரிதாக எழுதினான்: வாழ்வு, சுதந்திரம், சந்தோஷத்தைத் தேடிப் போதல். எலுமிச்சைச் சாறு கொண்டுபோன லோரீன் அதைப் பார்த்தாள்.

"இது எங்கேந்து எடுத்தது?" என்று கேட்டாள்.

"பீச் ரோட்டுக் கடையில ஒரு பனியன்ல போட்டிருந்தான்," என்றான் ஸ்டப்ஸ்.

"நம்ம வாழ்க்கைய அப்படியே ரெண்டு வரியில எழுதிட்டான் பாரு, மச்சி," என்றான் டர்க்.

நாட்டின் விடுதலைப் பிரகடனத்தில் இருப்பது அது. லோரீன் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, எழுந்து நின்று ஒப்பிக்கப் பயந்து மதிப்பெண்ணை இழந்திருக்கிறாள். அதை அவர்களிடம் சொல்லவில்லை. தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

குளத்தின் அடியில், நட்டநடுவில், வடிகால் இருந்தது. அதன் சல்லடை மூடியில் சக்கரம் மாட்டி ஸ்டப்ஸுக்கு முன்பல் பாதி போயிற்று. மறுநாள் டர்க் மூடியைக் கழற்றி, குழிக்குள் சிமென்ட் திணித்து, அதன்மேல் கார்களில் ஒடுக்கெடுத்த இடத்தில் பூசும் மாவைப் பூசினான். மூன்று விதமான உப்புத்தாள் கொண்டு தேய்த்தான். முழங்காலிட்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்து மறுபடி தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வடிகால் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அவன் ஆயுளில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். சமையலறைச் சுவரில் இருந்த விரிசலைப் பூசித் தருகிறேன் என்று அவன் சொல்லி அப்போது ஒன்பது வருடம்.

1996ல் மருத்துவர் லோரீனிடம், மாத்திரையால் ஆகாது, தினமும் தண்ணீரில் உடம்பை அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐம்பது வயதில் கம்பு ஊன்றுவாய் என்றார். அவள் அதை டர்க்கிடம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். வார்த்தைகளை அடுக்கிப் பார்த்து, வேலைக்குப் போகும் பேருந்தில் உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டு சொன்னாள்.

அவன் முழுவதும் கேட்டான். வருத்தப்பட்டான்கூட. பிறகு சொன்னான், "தண்ணி எங்க வேணா கெடைக்கும், லோரீன். ரெண்டு மைல் போனா பசிஃபிக் சமுத்திரமே கெடக்கு. இந்த மாதிரி ஒரு வளைவு வேற எங்க கெடைக்கும், சொல்லு."

அலையில் நிற்க முடியாத முதுகைப் பற்றித்தான் அவள் இவ்வளவு நேரம் பேசியிருந்தாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் 1997 இலையுதிர் காலத்தில் அவன் ஒரு நாள் குறித்தான். முழங்கைப் படம் வந்து இருபது வருடம் ஆனதைக் கொண்டாட 1998 பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை பழைய ஆட்கள் எல்லாரும் வருவார்கள், ஒரு படம்பிடிப்பவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதோடு சரி, திங்கட்கிழமை காலை நானே குழாயைத் திறந்துவிடுகிறேன் என்றான். அம்மா கல்லறைமேல் சத்தியம் செய்தான். அது லோரீனுடைய அம்மாவின் கல்லறை. இருந்தும் அவள் நம்பினாள். நாட்காட்டியில் அந்தத் திங்கட்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தாள். புது நீச்சல் உடை ஒன்றை வாங்கி அலமாரியில் துண்டுக்கடியில் ஒளித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் மழை பேய்மழையாகப் பெய்தது. ஜனவரி மாத நடுவில், பக்கத்து வீட்டுக் குளத்தைச் சுத்தம் செய்யும் ஓச்சோவா என்ற மனிதர் குப்பை அள்ளும் நீளக் கம்பை ஊன்றியபடி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முப்பது வருடமாக அந்த ஊர்க் குளங்களோடு கிடந்தவர். லோரீன் துணி உலர்த்தும் அறையில் இருந்தாள். அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எந்தப் பெண்ணையும் ஸ்பானிஷ் மொழியில் சென்யோரா, அதாவது அம்மா, என்றுதான் அழைப்பார்.

"ஏன் சென்யோரா காலியா வச்சிருக்கீங்க? இந்த ஊர்ல நாலடி தோண்டினாலே தண்ணி. இப்ப மண்ணு முழுக்க ஊறிக் கெடக்கு. கீழேந்து தூக்கிடும்."

தூக்கும் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். காலிக் குளம் ஒரு படகு மாதிரி, கீழே தண்ணீர் ஏறினால் மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும் என்று அவர் விளக்கினார். அதற்காகத்தான் வடிகாலுக்கு அடியில் ஒரு சின்ன அடைப்பான் வைத்துக் கட்டுகிறார்கள். நிலத்தடி நீர் அழுத்தும்போது அது திறந்து நீரை உள்ளே விட்டுவிடும், குளம் தப்பிக்கும்.

"வடிகால் தெறந்துதானே இருக்கு?" என்றார்.

லோரீன் குளத்தின் அடியைப் பார்த்தாள். வடிகால் இருந்த சுவடே இல்லை.

அன்று மாலை அவள் டர்க்கிடம் சொன்னாள். ஸ்டப்ஸும் இருந்தான். அவள் வாழ்நாளில் அவர்களிடம் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அது. அடைப்பான், மண், அழுத்தம் எல்லாவற்றையும் ஓச்சோவா சொன்ன வரிசையிலேயே சொல்லி, ஒரு உளி இருந்தால் வடிகாலைத் திறந்துவிடலாம், இல்லாவிட்டால் பாதிக் குளமாவது தண்ணீர் விட வேண்டும் என்றும் சொன்னாள்.

டர்க் பீர் புட்டியைக் கீழே வைத்தான். "கான்க்ரீட் மெதக்குமா?" என்று ஸ்டப்ஸிடம் கேட்டான்.

"மெதந்தா என்ன, மச்சி. பாய்மரம் கட்டி ஹவாய்க்கு ஓட்டிட்டுப் போயிடலாம்."

"இவ தண்ணி வேணும்னு என்னல்லாம் கத கட்டறா பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை. தொலைக்காட்சியில் நாய் ஏதாவது செய்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. லோரீன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

டர்க் குறித்த சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த ஐந்து வாரமும் அவள் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரியில் மழை விடவே இல்லை. குளத்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கியது. முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு. அப்படியே விட்டிருந்தால் அந்தப் பாரமே குளத்தை அழுத்திப் பிடித்துக் காப்பாற்றியிருக்கும். டர்க்குக்கோ சனிக்கிழமை தரை உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு பம்ப்பை வைத்து இறைத்தான். இறைக்க இறைக்க மழை கொட்டியது. மறுபடி இறைத்தான். ஒரு நாளாவது இப்படிச் சுவர்ப்பூச்சு வேலைக்குப் போயிருப்பானா என்று நினைத்துக்கொண்டு லோரீன் சமையலறை ஜன்னலில் காப்பியோடு நின்றாள்.

தோட்டக் குழாய் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் பம்ப்பைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரு மதியம், அவள் குடை பிடித்துக்கொண்டு போய்க் குழாய்த் திருகில் கைவைத்தாள். திறக்கவில்லை. திறந்தால் தன் நாளைக் கெடுத்தவள் என்று ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவான் என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நிஜக் காரணம் வேறு. அவன் முகம் எப்படி ஆகிறதென்று ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. அப்போது குளத்தை அவள் அவனுடையதாகத்தான் நினைத்தாள், தன்னுடையது என்று நினைக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு, காலை எட்டு மணிக்கு, அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் யாரோ பெரிய மேஜையைத் தரையோடு இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு பட்பட்டென்று வெடிப்பு. ஜன்னலில் பார்த்தாள். குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த தளம் துண்டு துண்டாக எழும்பி நின்றது. விளிம்புக்கல் புல்லுக்கு மேலே முழங்கால் உயரம் ஏறியிருந்தது. ஒரு பக்கம் கூடுதலாக ஏறிக் குளம் முழுவதும் சாய்ந்திருந்தது. ஆழப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு, அதன் வழியே சேற்றுத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

டர்க் செருப்பில்லாமல் வெறும் காலுறையோடு ஓடிப்போய் மழையில் நின்றான். லோரீன் அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்கப் போனாள். அவன் முகம் அவள் நினைத்த மாதிரி ஆகவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, புதுச் சாய்வை அளந்துகொண்டிருந்தான்.

"வெடிப்ப மட்டும் பூசிட்டா," என்றான், "ஓட்டலாம்."

சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். படம்பிடிப்பவர் வரவில்லை, சாலையில் வெள்ளம். சாய்ந்த குளத்தில் முதலில் இறங்குவது யார் என்று போட்டி வந்தது. ஸ்டப்ஸ் இறங்கினான். வெடிப்பில் சக்கரம் மாட்டி மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்கள் அவனை மேலே தூக்கிவிட்டு, பலகைகளால் கல்லில் தட்டினார்கள். பாதிக் கல் உடைந்து கையோடு வந்தது.

அடுத்த வாரம் ஓச்சோவா வேலி வழியே சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். லோரீன் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இதைச் சரிசெய்து மறுபடி தண்ணீர் நிரப்ப முடியுமா என்று.

"முடியாது சென்யோரா. இது செத்துப்போச்சு. ஒடச்சு மண்ணப் போட்டு மூடணும்." பிறகு, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"சொன்னேன்."

"எத்தன தடவ?"

லோரீன் உடைந்து கிடந்த விளிம்புக்கல் துண்டு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். ஓச்சோவா தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நகரசபை ஆள் வந்து ஆபத்து என்று சிவப்புக் காகிதம் ஒட்டினார். ஏப்ரலில் அடியை உடைத்து மண்ணடித்தார்கள். லாரிகள் வந்துபோன இரண்டு நாளும் டர்க் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், மெய்யாகவே வந்தார்கள், கையில் உணவுப் பாத்திரத்தோடு. லோரீனின் தோளைத் தட்டி, அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள், இந்த மாதிரி ஒரு இழப்பு எல்லாருக்கும் புரியாது என்றார்கள். அவள் பாத்திரங்களை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். புது நீச்சல் உடையை அதில் இருந்த விலைச்சீட்டோடு கடையில் திருப்பிக் கொடுத்தாள்.

ஐம்பது வயதில் மருத்துவர் சொன்னபடியே அவள் கம்பு ஊன்றினாள்.

இப்போது லோரீனுக்கு அறுபத்தாறு வயது. நகரசபைக் குளத்தில் முதியவர்களுக்கு என்று ஒதுக்கிய நேரத்தில், செவ்வாயும் வெள்ளியும், இருபது பேரோடு நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கிறாள். பயிற்றுவிக்கும் பெண் சத்தமாகப் பாட்டு வைக்கிறாள், எல்லாரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பின்பக்கத்தில் மண் அமுங்கிப் பள்ளமாகிவிட்டது, புல் சரியாகப் பிடிக்கவில்லை. டர்க்குக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நகரசபை புதிதாகக் கட்டியிருக்கும் ஸ்கேட் பூங்காவின் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்து, ஓட்டுகிறவர்களை வேஷக்காரர்கள் என்கிறான். அவனைக் காரில் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிவருவதும் லோரீன்தான்.